ஆறும் கடலும் கோவில் ஆகும் நாள்!

தை மாதம் 5-ந்தேதி. பொங்கல் முடிந்து நாலே நாள். கரும்புச் சக்கை கூட இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. அதற்குள் கடலூர் பக்கத்து ஜனங்கள் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள்.

எங்கே போகிறார்கள்?

ஆற்றுக்கு!

குழந்தை, குட்டி, கிழவர், கிழவி, புதுப்பெண், மாப்பிள்ளை என்று குடும்பம் குடும்பமாகத் தென்பெண்ணை ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அவர்கள் மட்டுமா? சாமிகளும் வருகின்றன! மாரியம்மன் வருகிறாள். அங்காளம்மன் வருகிறாள். பிள்ளையாரும் முருகனும் வருகிறார்கள். ஒரு காலத்தில் ஆட்களின் தோளிலும் மாட்டு வண்டியிலும் வந்த சாமிகள், இப்போது டிராக்டரிலும் வேனிலும் வருகின்றன. மேளமும் பம்பையும் முழங்குகின்றன.

இதுதான் ஆற்றுத் திருவிழா. கடலூரிலும் விழுப்புரத்திலும் இருப்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மற்ற ஜில்லாக்காரர்கள் கேட்டால்தான் ஆச்சரியப்படுவார்கள்.

"ஆற்றுக்கு ஒரு திருவிழாவா?" என்பார்கள்.

ஆம். ஆற்றுக்கு ஒரு திருவிழா. கடலுக்கு ஒரு திருவிழா. புது வெள்ளத்துக்கு ஒரு திருவிழா. இந்த ஊர்க்காரர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. வானத்தையும் பார்க்கிறார்கள். தண்ணீரையும் பார்க்கிறார்கள்.

இரண்டு ஆறு, ஒரு கடல்

கடலூர் நகரத்தின் பழைய பெயர் பெற்ற பகுதி திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரத்தின் பெயரால் வந்த ஊர் அது. பாடலீசுவரர் கோவிலின் தல மரமும் பாதிரிதான்.

கெடிலம் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. வடக்கே சிறிது தூரத்தில் தென்பெண்ணை. கிழக்கே வங்கக் கடல். இப்படி மூன்று பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி வாழ்கிறவர்கள் தண்ணீரை மறந்து எப்படி இருக்க முடியும்?

இந்த ஊரின் பெரிய கதையே தண்ணீர்க் கதைதான். அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல்லே தெப்பமாயிற்று. அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரை ஏறினார் என்பது வரலாறு சொல்லும் புராணம். அதன் நினைவாக இன்றும் இங்கே ஒரு பகுதிக்குக் 'கரையேறவிட்டகுப்பம்' என்றே பெயர்! ஒவ்வொரு சித்திரை மாதமும் அப்பர் கரையேறிய விழா நடக்கிறது.

அப்பர் சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் சமணராக இருந்தவர். அப்போது இந்த ஊரில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. பிறகு சைவம் தழைத்தது. 1690-ம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். ராஜாக்கள் மாறினார்கள். கொடிகள் மாறின. ஆனால் ஆறு அதே ஆறு. கடல் அதே கடல்.

சுருளிக் கிழங்கு வாங்கினீர்களா?

ஆற்றுத் திருவிழா ஒரே இடத்தில் மட்டும் நடப்பதில்லை. தென்பெண்ணை ஓடும் வழி நெடுகப் பல ஊர்களில் நடக்கிறது. மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே எழுந்தருளி வந்து தீர்த்தவாரி கொள்கிறார். விழுப்புரத்தை அடுத்த பிடாகத்திலும் கூட்டம் சேருகிறது. கடலூரில் ஆல்பேட்டை பக்கம் ஆற்றங்கரை நிறைந்து விடுகிறது.

சாமிகளுக்கு ஆற்றில் நீராட்டு நடக்கும். அதற்குப் பெயர் தீர்த்தவாரி. தீபாராதனை முடிந்ததும் சாமிகள் மணலில் வரிசையாக நிற்கும். ஜனங்கள் ஒவ்வொரு சாமியாகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். ஓர் ஊர்க்காரர் பத்து ஊர்ச் சாமிகளையும் ஒரே நாளில் பார்த்து விடலாம்! சாமி பார்க்க அவர் அலைய வேண்டியதில்லை. சாமிகளே அவரைப் பார்க்க வந்திருக்கின்றன.

பிறகு கடைத்தெரு. வளையல், பலூன், மண் சட்டி, கரும்பு, ராட்டினம். எல்லாவற்றையும் விட முக்கியம் சுருளிக் கிழங்கு. ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்ச் சுருளிக் கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால், "போனாயா, இல்லை போகிற வழியிலேயே திரும்பி விட்டாயா?" என்று கேட்பார்கள். அவித்துத் தோலை உரித்துத் தின்றால் அதன் சுவையே தனி.

கடைசியில் கட்டுச்சோறு. மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்துக் குடும்பத்துக்கும் ஒரு கைப்பிடி போகும். அவர்கள் யார், எந்த ஊர் என்று சாப்பிட்ட பிறகுதான் விசாரணை!

ஏன் தையில்?

இந்த விழாவைத் தை மாதத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஐப்பசியும் கார்த்திகையும் இந்தப் பக்கத்துக்கு மழைக்காலம். வடகிழக்குப் பருவமழைதான் கடலூருக்கு உயிர். அப்போது ஆறு பொங்கி ஓடும். கிட்டே போக முடியாது. தை பிறந்ததும் வெள்ளம் வடிந்து விடும். தெளிந்த நீர் ஓரமாக ஓடும். நடுவில் வெண்மணல் மேடு தெரியும். வயலில் அறுவடை நடக்கிற நேரம். வீட்டில் நெல் இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. ஆற்றுக்குப் போய் நன்றி சொல்ல அதைவிட நல்ல நேரம் எது?

அதுபோல ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பருவம் உண்டு.

மாசியில் புயல்காலம் முடிந்து கடல் அடங்கி இருக்கும். அப்போது மாசி மகம். சாமிகள் கடலுக்குப் போகின்றன.

ஆடியில் மேற்கே மழை பெய்து காவிரியில் புது வெள்ளம் வரும் காலம். அப்போது ஆடிப்பெருக்கு. சிதம்பரம் பக்கத்தார் கொள்ளிடக் கரைக்குப் போவார்கள். பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதே ஆடியில்தான் அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பார்கள். விதைத்து முடித்து, குதிர் காலியாகி, ஏழை வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கும் காலம் அது. அப்போது தெருவுக்குத் தெரு ஓர் அண்டாக் கூழ்! அம்மன் பெயரைச் சொல்லி ஏழையின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்த கேழ்வரகு எத்தனை மூட்டையோ!

பசியைப் பற்றிச் சொல்லும்போது வடலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவும் இந்த மாவட்டம்தான். வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867-ம் ஆண்டில் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வந்தவர்களுக்குச் சாதி கேட்காமல் சோறு போடுகிறார்கள். 1872-ல் சத்திய ஞான சபை ஏற்பட்டது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கி அங்கே ஜோதி காட்டுவார்கள். அதைக் காணப் பெருங்கூட்டம் கூடும்.

புதிய காலத்துக்குப் புதிய நோன்பும் ஒன்று வந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் அரசாங்கம் போட்ட தடை இது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 நாளாயிற்று. கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்பதைப் பஞ்சாங்கம் சொன்னால் என்ன, சர்க்கார் சொன்னால் என்ன?

கடலுக்குப் போகும் சாமிகள்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பார்க்க வேண்டும்!

பாடலீசுவரர் வருகிறார். சுற்று வட்டாரக் கிராமங்களின் சாமிகள் எல்லாம் வருகின்றன. பெரிய கோவில் சாமிக்கும் கடல் அலைதான். சின்னக் கோவில் அம்மனுக்கும் அதே அலைதான். அதிகாலையிலேயே கரையில் தர்ப்பணம் நடக்கிறது. மகன் தகப்பனை நினைத்து எள்ளும் நீரும் இறைக்கிறான். குழந்தைகள் அலையில் காலை நனைத்துக்கொண்டு கூச்சல் போடுகின்றன. புதுச்சேரியில் வைத்திக்குப்பத்திலும் அன்று இதே காட்சிதான்.

சிதம்பரம் பக்கத்தில் இன்னும் ஓர் அருமையான காட்சி உண்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராக சுவாமி மாசி மகத்துக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். வழியில் தைக்கால் என்ற இடத்தில் தர்கா இருக்கிறது. அங்கே முஸ்லிம் பெருமக்கள் கூடி நின்று சுவாமியை வரவேற்கிறார்கள். மரியாதை செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கம் இது. எங்காவது மதச்சண்டை என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தத் தைக்காலை நினைத்துக்கொண்டால் மனம் குளிரும்.

அந்த டிசம்பர் மாதம்

இதே கடல்தான் ஒரு நாள் சீறியது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினமும் தப்பவில்லை. படகு போயிற்று. வலை போயிற்று. வீடு போயிற்று. கரையில் விளையாடிய பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் அலறினார்கள்.

அப்புறம் கடலைக் கும்பிட யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் வந்தது. செம்படவர் குடும்பங்களுக்குக் கடல்தான் தாய். அடித்தாலும் தாய். டிசம்பர் 26-ந்தேதி வந்தால் இன்றும் அவர்கள் கூட்டமாகக் கரைக்கு வருகிறார்கள். பால் ஊற்றுகிறார்கள். பூத்தூவுகிறார்கள். போனவர்களை நினைத்து அழுகிறார்கள். இதை எந்தச் சாஸ்திரமும் எழுதி வைக்கவில்லை. எந்தக் குருக்களும் சொல்லிக் கொடுக்கவில்லை. துக்கம் தாங்காமல் ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு சடங்கு. ஒரு விழா எப்படிப் பிறக்கிறது என்று அறிய வேண்டுமானால் இதைப் பார்த்தால் போதும்.

சீமையில் தேடுகிறார்கள்!

இப்போது கொஞ்சம் கடல் கடந்து போவோம்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. சூரியனுக்கு ஒரு விழா, அறுவடைக்கு ஒரு விழா, குளிர் முடிந்து தளிர் விடும் காலத்துக்கு ஒரு விழா என்று கொண்டாடினார்கள். கிறிஸ்தவ மதம் பரவிய பிறகு பழைய வழிபாடுகள் மறைந்தன. பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களை 'பேகன்' என்று அழைத்தார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, நம் வள்ளல் பேகன், அவனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! இது லத்தீன் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 'நாட்டுப்புறத்தான்' என்று பொருள்.

ஏளனமாகச் சொன்ன அந்தப் பெயரையே இன்று அங்கே சிலர் பெருமையாகச் சூட்டிக்கொள்கிறார்கள். அறுந்து போன விழாக்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் கொண்டாடுகிறார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஜெரால்டு கார்டுனர் என்ற ஆங்கிலேயர். 1884-ல் பிறந்தவர். இளம் வயதில் இவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்! பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தார். இரண்டுமே தமிழர்கள் பாடுபட்ட மண். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோவிலும் பொங்கலும் உள்ள மண். 1936-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். சூனியம் பற்றிய பழைய சட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. அது 1951-ல் ரத்தாயிற்று. 1954-ல் அவர் புத்தகம் எழுதினார். 'விக்கா' என்ற வழிபாட்டு முறை அதிலிருந்து பரவியது.

அவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஆண்டுக்கு எட்டு விழா என்று வகுத்தார்கள். பகல் மிக நீண்ட நாள், இரவு மிக நீண்ட நாள், பகலும் இரவும் சமமாக இருக்கும் இரண்டு நாட்கள், இவற்றுக்கு இடையே நான்கு நாட்கள். இந்த எட்டையும் 'ஆண்டுச் சக்கரம்' என்கிறார்கள். விழாக்கள் பழையவை. ஆனால் எட்டையும் ஒன்றாகக் கோத்த மாலை புதியது.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்று ஓர் இடம் உண்டு. பிரமாண்டமான கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையது. ஜூன் மாதம் பகல் மிக நீண்டிருக்கும் நாளில் அங்கே சூரியோதயம் பார்க்கக் கூட்டம் கூடும். 1985-ல் அங்கே போனவர்களைப் போலீசார் தடுத்தார்கள். பெரிய கலவரமாயிற்று. அதன் பின் பல ஆண்டுகள் அந்த நாளில் யாரும் அருகே போக முடியவில்லை. 2000-ம் ஆண்டில்தான் மறுபடியும் அனுமதி கிடைத்தது.

ஐஸ்லாந்து என்ற பனித் தீவில் 1972-ம் ஆண்டில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்து பழைய தெய்வங்களை வழிபடச் சங்கம் அமைத்தது. அதன் தலைவர் ஒரு விவசாயி, கவிஞர். மறு ஆண்டே அரசாங்கம் அந்தச் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

லிதுவேனியா நாட்டுக் கதை இன்னும் நீளம். அங்கே ரஷ்ய ஆட்சி நடந்த காலத்திலேயே, 1967-ல், இளைஞர்கள் கெர்னாவே என்ற ஊரில் கூடி ஜூன் மாதத்து 'பனித்துளி விழா'வைக் கொண்டாடினார்கள். நெருப்பு மூட்டினார்கள். பழைய பாட்டுகளைப் பாடினார்கள். அரசாங்கம் அதை ரசிக்கவில்லை. நாடு விடுதலை அடைந்த பின் 1992-ல் 'ரோமுவா' என்ற பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். ஆனாலும் அரசாங்க அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2021-ல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் அங்கீகாரம் கொடுத்தது.

ஒரு விழா கொண்டாட எத்தனை பாடு பாருங்கள்! கடலூர்க்காரர் பேருந்து ஏறி ஆற்றுக்குப் போய் விடுகிறார். அவர் தம்மைப் பேகன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அப்படி ஒரு பெயர் இருப்பதும் அவருக்குத் தெரியாது. அவருக்கு அது வீட்டு வழக்கம். பாட்டி போனாள், அம்மா போனாள், அவரும் போகிறார்.

பம்பரமும் பொங்கலும்

இங்கே ஒரு வேடிக்கை.

இரவு மிக நீண்டு, பிறகு சூரியன் வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22. அங்கே அவர்கள் அன்றே விழா கொண்டாடி விடுகிறார்கள். நாமோ உத்தராயணம் என்று தை முதல் தேதியில், அதாவது ஜனவரி 14 அல்லது 15-ல் பொங்கல் வைக்கிறோம். ஏன் இந்த மூன்று வார வித்தியாசம்?

பம்பரம் சுற்றும்போது தலையை ஆட்டுகிறது அல்லவா? பூமியும் அப்படித்தான். மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. ஒரு தடவை ஆட்டி முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகின்றன! அதனால் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கத்துக்கும், சூரியன் திரும்பும் நாளுக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன.

அதனால் பொங்கல் தப்பு என்று ஆகுமா? ஆகாது. பொங்கல் சூரியனை மட்டும் பார்த்து வைத்த விழா அல்ல. நெல்லையும் பார்த்து வைத்தது. நெல் தையில்தான் வீட்டுக்கு வருகிறது.

கதவுள்ள கோவில்

நம் விழாக்களைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே இருக்கலாம். ஆனால் குறையையும் பார்க்க வேண்டும்.

தென்னார்க்காட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோவில் இல்லாத பக்கமே இல்லை. பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் தெருக்கூத்து நடக்கும். மண்ணில் மிகப் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுகளம் நடத்துவார்கள். முடிவில் தீ மிதிப்பார்கள். நெருப்பில் இறங்குகிறவனின் காலைப் பார்த்து அது எந்தச் சாதிக் கால் என்று நெருப்பு கேட்பதில்லை.

மனிதன் கேட்கிறான்!

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோவிலில் 2023-ம் ஆண்டு திருவிழாவின்போது தலித் மக்கள் உள்ளே வந்ததால் தகராறு மூண்டது. ஜூன் மாதம் அதிகாரிகள் கோவிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் கோவில் மறுபடியும் பொதுமக்களுக்குத் திறந்தது. தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். ஆனால் போலீஸ் காவலோடு!

அம்மனைக் கும்பிடப் போலீஸ் காவல் வேண்டியிருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் வேறு விதமான காட்சி. சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். ஆண்டு முழுவதும் ஊராரின் ஏளனத்தைச் சுமந்தவர்களுக்கு அந்த ஒரு விழாவில் சாமியே கணவன்.

ஒரு விழா ஒருவனை வெளியே நிறுத்தவும் முடியும். உள்ளே அழைக்கவும் முடியும். அது சாமியின் கையில் இல்லை. ஊரின் கையில் இருக்கிறது.

ஆற்றுத் திருவிழாவின் பெருமை இங்கேதான். ஆற்றுக்குக் கதவு இல்லை. பூட்டும் இல்லை. மணலில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று எழுதி வைக்க முடியாது. எழுதினால் காற்று அழித்து விடும்.

ஆறு இருக்குமா?

ஆனால் ஆறே இல்லாமல் போனால்?

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் கடலில் கலக்கிறது. வழியில் எத்தனை கை அதில் தண்ணீர் எடுக்கிறது! கடைக்கோடியில் இருக்கும் கடலூருக்கு மழைக்காலம் தவிர மற்ற நாளில் வருவது கொஞ்சம்தான். போதாக்குறைக்கு மணலை லாரி லாரியாக அள்ளியிருக்கிறார்கள். மணல் என்பது ஆற்றின் பஞ்சு மெத்தை. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகக் கொடுக்கும். மெத்தையை அள்ளி விட்டால் ஊற்று எங்கே இருந்து வரும்?

சில சமயம் இதற்கு நேர்மாறு. 2015-ல் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. வீட்டுக்குள் ஆறு புகுந்தது. ஒரு மாதம் கழித்துத் தை பிறந்தது.

ஆறு வறண்டாலும் குற்றம். பெருகினாலும் குற்றம். இரண்டிலும் ஆற்றின் மேல் பழி போடுவது சுலபம். மணலை அள்ளியது ஆறு அல்லவே! கரையை வளைத்து வீடு கட்டியதும் ஆறு அல்லவே!

ஆண்டுக்கு ஒரு நாள் ஆற்றைக் கும்பிட்டு விட்டு 364 நாள் அதில் குப்பையைக் கொட்டினால் அந்தக் கும்பிடுக்கு என்ன மதிப்பு? திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையும் தட்டும் காற்றில் பறக்கும். சுருளிக் கிழங்கின் தோல் மண்ணோடு மண்ணாகி விடும். பிளாஸ்டிக் ஆகாது. கொண்டு வந்த பையைத் திரும்பக் கொண்டு போவதும் ஒரு பூஜைதான். அதற்குத் தேங்காய் பழம் கூட வேண்டாம்.

ஐரோப்பாவில் அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போடுகிறார்கள். இங்கே நூல் இன்னும் அறவில்லை. ஆனால் நைந்து போகிறது. சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு வந்து மூன்றாம் நாளே கிளம்பி விடுகிறார்கள். தை ஐந்து வரை லீவு கிடைப்பதில்லை. ஆற்றங்கரையில் கிழவிகளும் குழந்தைகளும்தான் அதிகம்.

அதனால் என்ன? ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் இருந்தால் போதும். ஒரு வழக்கம் கை மாறி விடும்.

தண்ணீர் இல்லாத ஆண்டிலும் ஆற்றுத் திருவிழா நிற்பதில்லை. ஆற்று மணலில் பள்ளம் தோண்டுவார்கள். முதலில் ஈரம் தெரியும். பிறகு மெல்லத் தண்ணீர் ஊறும். அதைச் செம்பில் மொண்டு சாமிக்கு ஊற்றுவார்கள்.

பேரன் கேட்பான்:

"ஆயா, ஆத்துத் திருவிழான்னு சொன்ன. ஆத்துல தண்ணியே காணோமே?"

ஆயா சொல்லுவாள்:

"அது எங்கடா போயிடும்? அடியில இருக்குது. நீ தோண்டு!"

பேரன் இரண்டு கையாலும் மணலைத் தோண்டுவான். விரல் நுனியில் ஈரம் படும். முகம் மலரும்.

அந்த ஈரம் இருக்கும் வரை ஆற்றுத் திருவிழாவும் இருக்கும். அதைக் காய விடாமல் பார்த்துக்கொள்வது ஆயாவின் வேலை இல்லை. பேரனின் வேலை!